கோத்தகிரியில் ஓடும் ஆடி டிடிக்கு எதை முதலில் மாற்றுவது?

2016ஆம் ஆண்டு ஆடி டிடி, 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், குவாட்ரோ (நான்கு சக்கர இழுவை), 58,000 கிலோமீட்டர் ஓடியது. கைமாறி வந்த இந்த வண்டியைக் கோத்தகிரியில் வைத்துக்கொண்டு மூன்று லட்ச ரூபாய் ஒதுக்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வரிசை இது: முதலில் திறந்த ஏர் ஃபில்டர், அடுத்து டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்) எக்ஸாஸ்ட்டும், பிறகு ஈசியூ ரீமேப் (இன்ஜினை இயக்கும் கணினியில் உள்ள மேப் என்னும் நிரலை மாற்றி எழுதுவது), பணம் மிஞ்சினால் பிரேக். இந்த வரிசை சரியா என்று கேட்கிறீர்கள்.

தம்பி, சமவெளியில் இருப்பவர் கேட்டிருந்தால் ஒன்றிரண்டு திருத்தங்களோடு சரி என்று சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டு வாசலிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை எடுத்தாலும் ஏற்றம் அல்லது இறக்கம். அதனால் பட்டியலைத் தலைகீழாகப் பிடிக்கச் சொல்கிறேன். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் காரணம் புரியாமல் வாங்கும் பாகம் எதுவும் வண்டிக்கு உதவாது.

காற்றிலிருந்து தொடங்குவோம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பார். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது சுமார் 0.77 பார். புகையின் விசையில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத இன்ஜின் இங்கே ஏறி வரும்போதே தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கீழே விட்டுவிட்டு வருகிறது. 150 குதிரைத்திறன் என்று புத்தகத்தில் இருப்பது ஊட்டியில் 120 அளவுக்குத்தான் வேலை செய்யும். கார்புரேட்டர் காலத்தில் இது இன்னும் மோசம். காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதே அளவில் ஊற்றிக்கொண்டிருக்கும், பின்னால் கரும்புகை வரும். இங்குள்ள பழைய மெக்கானிக்குகள் ஜெட்டை மாற்றித்தான் அந்த வண்டிகளை மலைக்குப் பழக்கினார்கள்.

உங்கள் வண்டி டர்போ. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 230 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. உள்ளே போகும் காற்றின் மொத்த அழுத்தத்தை ஈசியூ அளந்துகொண்டே இருக்கிறது. வெளியே அழுத்தம் குறைந்தால் டர்போவை இன்னும் வேகமாகச் சுழலவிட்டுக் குறையை ஈடுகட்டுகிறது. ஓட்டுகிறவருக்கு எதுவும் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் அந்த ஈட்டுக்கு டர்போ கூடுதலாக உழைக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் 0.8 பார் பூஸ்ட் (வெளி அழுத்தத்துக்கு மேல் டர்போ சேர்க்கும் அழுத்தம்) என்றால் மொத்த அழுத்தம் 1.8 பார். அதாவது டர்போ காற்றை 1.8 மடங்கு அழுத்துகிறது. ஊட்டியில் அதே 1.8 பார் வேண்டுமானால் 0.77இலிருந்து தொடங்க வேண்டும், ஆகவே 2.3 மடங்கு. இப்போது ரீமேப் செய்து பூஸ்ட்டை 1.4 பார் ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். கடற்கரையில் 2.4 மடங்கு, ஊட்டியில் 3.1 மடங்கு. சிறிய டர்போவின் கம்ப்ரஸருக்கு மூன்று மடங்கு என்பது அதன் திறமையான எல்லைக்கு வெளியே. அங்கே போனால் அது காற்றை அழுத்துவதைவிடச் சூடாக்குவதுதான் அதிகம். கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும் காற்று 150 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சூடான காற்று உள்ளே போனால் இன்ஜின் நாக் ஆகத் தொடங்கும், அதாவது எரிபொருள் கலவை நேரம் தவறித் தானாகவே வெடிக்கும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியூ இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். காசு கொடுத்து வாங்கிய பலம் அங்கேயே கரைந்துவிடும்.

இது என் வண்டியிலேயே நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு கடையில் ஆயத்த மேப் ஒன்றை ஏற்றிக்கொண்டேன். வண்டியின் பலத்தை அளக்கும் டைனோ கருவியின் தாளில் வந்த எண்கள் அழகாக இருந்தன. மேட்டுப்பாளையம் வரை வண்டி பறந்தது. மறுநாள் காலை கோத்தகிரியிலிருந்து கட்டபெட்டு வழியாக ஊட்டிக்குப் போனேன். தொட்டபெட்டா சந்திப்புக்கு முந்தைய ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுதாக மிதித்த மூன்றாவது நொடியில், யாரோ பின்னால் கயிறு கட்டி இழுத்தது போல வண்டி தளர்ந்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. கேட்ட பூஸ்ட்டை டர்போவால் தர முடியவில்லை என்று ஈசியூ தன்னைத்தானே பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டுப் போட்டேன், சரியாக ஓடியது. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை. கடைக்காரரிடம் சொன்னபோது வண்டியில்தான் ஏதோ கோளாறு என்றார். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த மேப்பை எழுதியவர் 2,000 மீட்டர் உயரத்தை நினைத்தே பார்க்கவில்லை.

அதனால் ரீமேப்பே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நல்ல ரீமேப் உங்கள் இன்ஜினுக்கு மிகப் பெரிய மாற்றத்தைத் தரும், வேறு எந்தத் தனிப் பாகமும் அந்த அளவுக்குத் தராது. ஆனால் எழுதுகிறவரிடம் மூன்று விஷயங்களைத் தெளிவாகப் பேசிவிடுங்கள். ஒன்று, வெளி அழுத்தம் குறையக் குறைய பூஸ்ட் இலக்கும் படிப்படியாக இறங்க வேண்டும். அதற்கான அட்டவணை உங்கள் ஈசியூவுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதை அழித்துவிடாமல் திருத்தி எழுதத் தெரிந்தவரா என்று பாருங்கள். இரண்டு, மலையில் உங்களுக்கு எப்போதும் கிடைக்கும் பெட்ரோலுக்கு எழுதச் சொல்லுங்கள். உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதிய மேப்பை வைத்துக்கொண்டு ஒரு பம்ப்பில் சாதாரணப் பெட்ரோல் மட்டும் இருந்தால் என்ன செய்வீர்கள்? அதோடு இப்போது வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோலில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு 13.5 அளவே போதும். அதாவது அதே காற்றுக்கு இன்ஜெக்டரும் உயரழுத்த பம்ப்பும் அதிக எரிபொருளைத் தள்ள வேண்டும். பழைய மேப் கோப்புகளில் இந்த இடைவெளி விட்டிருக்க மாட்டார்கள். மூன்று, கியர்பாக்ஸ். உங்கள் எஸ்-டிரானிக் தானியங்கி கியர்பாக்ஸில் எண்ணெயில் நனைந்த இரட்டை கிளட்ச் இருக்கிறது. முறுக்குவிசையை நிறைய ஏற்றிவிட்டுக் கியர்பாக்ஸ் மேப்பைத் தொடாமல் விட்டால் கிளட்ச் வழுக்கும். முறுக்குவிசை திடீரென்று எழும்பாமல் சீராக வரும்படி எழுதச் சொல்லுங்கள். ஈர மலைப்பாதையில் உங்களுக்கும் அதுதான் வசதி.

டைனோ தாளைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. எண்ணுக்குப் பக்கத்தில் திருத்தக் காரணி என்று ஒன்று இருக்கும். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் அளந்ததைக் கடல் மட்டத்துக்கு ஈடாக மாற்றிக் காட்டும் பெருக்கல் அது. டர்போ இல்லாத வண்டிக்கு அது நியாயம். டர்போ வண்டி அந்த இழப்பை ஏற்கெனவே தானாகவே ஈடுகட்டியிருப்பதால் திருத்திய எண் ஊதிப்போய்த் தெரியும். கோவை 400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்பதால் வித்தியாசம் சிறியது, ஆனாலும் திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ரீமேப்புக்கு முன்னால் ஒரு பாகம் வாங்கலாம் என்றால் அது பெரிய இன்டர்கூலர், அதாவது டர்போ சூடாக்கிய காற்றைக் குளிரவைக்கும் ரேடியேட்டர். மலையில் இரண்டாம் கியரில், 30 கிலோமீட்டர் வேகத்தில், முழு பூஸ்ட்டில் ஏறுகிறோம். முன்னால் வந்து மோதும் காற்று குறைவு, அந்தக் காற்றும் மெலிந்தது. தொழிற்சாலை இன்டர்கூலர் இரண்டு மூன்று வளைவுகளுக்குள் சூட்டை உறிஞ்சி நிரம்பிவிடும். பெரியது அதிக நேரம் தாங்கும். வண்டியின் பழுதறியும் சாக்கெட்டான ஓபிடியில் செருகும் சிறிய கருவி ஒன்றை வாங்கி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை இன்றே பார்க்கத் தொடங்குங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே ஏற்றம், அதே வேளை. எந்த விளம்பரத்தையும்விட அந்த எண் உங்களுக்கு நேர்மையாகச் சொல்லும்.

இனி நீங்கள் கடைசியில் வைத்த பிரேக். என் கணக்கில் அதுதான் முதல்.

கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 320. நீங்களும் இன்னொருவரும் உட்கார்ந்தால் வண்டி 1,500 கிலோ. இந்த எடை 1,480 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் ஆறு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 60 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் இன்ஜினும் எடுத்துக்கொள்ளும், மீதி முழுவதும் நான்கு டிஸ்க்குகளில் சூடாக இறங்கியாக வேண்டும். இது மெதுவாக இறங்கினாலும் வேகமாக இறங்கினாலும் மாறாத கணக்கு. வேகமாக இறங்கினால் அதே சூடு குறைந்த நேரத்தில் வரும், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் இன்னொன்றும் இருக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரத்தை வண்டியே தானாக லேசாகப் பிரேக் பிடித்துத் திருப்பத்துக்கு உதவும். அந்தச் சூடும் இதோடு சேர்கிறது.

சூடு தாங்காமல் முதலில் தோற்பது பெரும்பாலும் பிரேக் எண்ணெய்தான். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 155 வரை இறங்கலாம். ஆண்டில் பாதி நாள் மூடுபனிக்குள் நிற்கும் ஊரில் அந்த ஈரம் எவ்வளவு சீக்கிரம் சேரும் என்று நினைத்துப்பாருங்கள். கொதித்த எண்ணெயில் ஆவிக் குமிழ்கள் வரும். எண்ணெயை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும். அதனால் மிதிக்கும் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குஞ்சப்பனைக்கு மேலே, ஒரு வாடிக்கையாளரின் வண்டியைச் சோதித்துக்கொண்டு இறங்கும்போது, முதலில் வந்தது வாசனை. தோல் கருகுவது போன்ற, மூக்கின் உள்ளே ஒட்டிக்கொள்ளும் ஒரு காரம். அடுத்த கொண்டை ஊசி வளைவில் பெடல் வழக்கமான இடத்தைத் தாண்டி ஒரு விரற்கடை கீழே போய்ப் பிடித்தது. அதற்கடுத்ததில் இரண்டு விரற்கடை. பழந்துணியை மிதிப்பது போல இருந்தது. முதல் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கைப் பிடித்து, பள்ளத்தின் எதிர்ப்பக்கமாக மண்மேட்டை ஒட்டி நிறுத்தினேன். அரைமணி நேரம் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோக முடியவில்லை. மறுநாள் நிப்பிளைத் திறந்து எண்ணெயை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தபோது கடுந்தேநீர் நிறத்தில் இறங்கியது. புதிய எண்ணெய் வெளிர்மஞ்சளாக, வெளிச்சம் ஊடுருவிப் போகும்படி இருக்கும். அந்த இரண்டு புட்டிகளையும் இன்றும் பட்டறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்கு நான் வேறு விளக்கம் சொல்வதில்லை.

எனவே, பிரேக் எண்ணெயை உடனே மாற்றுங்கள். ஈஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளுக்கான பிசுபிசுப்புக் குறைந்த டாட் 4 போடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிகான் வகையான டாட் 5 வேறு, அதைத் தொடவே வேண்டாம். அடுத்து பிரேக் பேட். பந்தயத் தளத்துக்கான பேட் வாங்கிவிடாதீர்கள். அது சூடானால்தான் கடிக்கும். ஜனவரிக் காலையில் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருக்கும்போது முதல் வளைவில் அது உங்களைக் கைவிடும். சாலைக்கென்றே செய்த, கூடுதல் வெப்பம் தாங்கும் பேட் போதும். டிஸ்க்கின் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்து பார்த்து, நெருங்கியிருந்தால் மாற்றுங்கள். ஓட்டை போட்ட டிஸ்க் வேண்டாம், அந்த ஓட்டைகளிலிருந்துதான் விரிசல் கிளம்பும். எஃகுப் பின்னல் குழாய் பெடலுக்கு உறுதியான உணர்வைத் தரும், ஆசைப்பட்டால் போடுங்கள். பெரிய காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் கிடுக்கி) உங்களுக்குத் தேவையே இல்லை.

ஓட்டும் முறையும் பிரேக்கின் ஒரு பகுதிதான். ஏறிய கியரில் இறங்கு என்று இங்குள்ள பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. கியர் லீவர் டி நிலையில் இருந்தால் எஸ்-டிரானிக் எரிபொருளை மிச்சம் பிடிக்க மேல் கியருக்குப் போய்விடும், இன்ஜினின் பிடிமானம் போய்விடும். கையால் மாற்றும் நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்டியரிங் பின்னால் உள்ள துடுப்பால் இரண்டிலோ மூன்றிலோ நிறுத்துங்கள். பிரேக்கை வழி நெடுகத் தடவிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து முழுதாக விடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

டயர். உங்கள் வண்டியில் 18 அங்குலச் சக்கரமாக இருந்தால் 245/40 அளவு. அதையே வைத்துக்கொள்ளுங்கள், மழைப் பிடிமானம் நன்றாக உள்ள டயராகத் தேர்ந்தெடுங்கள். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையில்தான் நன்றாக நனையும். கூடலூர் பக்கம் போனால் தென்மேற்கு. இரண்டுக்கும் நடுவில் தேயிலைத் தோட்டத்து மண்ணும், லாரி சிந்திய டீசலும், யூக்கலிப்டஸ் இலையும் வளைவுகளில் கிடக்கும். பந்தய வகை அரைவழுக்கை டயரை இந்தச் சாலையில் போடுவது தற்கொலை முயற்சி. குவாட்ரோ இருக்கிறதே என்று சிலர் நம்புவார்கள். நான்கு சக்கரமும் இழுப்பது ஏறுவதற்கு உதவும். நிறுத்துவதற்கு எல்லா வண்டிக்கும் இருப்பது அதே நான்கு டயர்தான்.

திறந்த ஏர் ஃபில்டரை நான் விரும்புவதில்லை. மே மாத சீசனில் ஊட்டி நெரிசலில் நின்று பாருங்கள், அது இன்ஜின் அறையின் சூட்டையே உறிஞ்சும். மூடிய பெட்டியும் முன்னாலிருந்து குளிர்காற்றுக் குழாயும் உள்ள வகை என்றால் பரவாயில்லை, மெலிந்த காற்றில் கம்ப்ரஸருக்குச் சற்று உதவும். கிடைக்கும் பலம் சிறிது, சத்தம் அதிகம். டவுன்பைப்பிலும் மலை உங்களுக்குச் சாதகமாகவே ஒன்றைச் செய்கிறது. வெளி அழுத்தம் குறைவாக இருப்பதால் டர்போவின் டர்பைனுக்குப் பின்னால் உள்ள எதிரழுத்தமும் இங்கே இயல்பாகவே குறைவு. டவுன்பைப்பில் உள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டுப் பெறப்போகும் லாபத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கழற்றுவது சட்டத்துக்கு விரோதம், புகைச் சோதனையிலும் தேறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை அனுமதியில்லாமல் மாற்றக்கூடாது என்கிறது. மாற்றியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால் விபத்தின்போது இழப்பீடு சிக்கலாகும்.

சத்தத்தைப் பற்றி எனக்குச் சட்டத்தைத் தாண்டியும் ஒரு வருத்தம் உண்டு. கோத்தகிரியில் காட்டெருமைகள் வீட்டுக்குப் பின்னால் நிற்கின்றன. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை வளைவுகளில் யானைகள் குட்டியோடு சாலையைக் கடக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் எழும் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வரும். மிரண்ட காட்டெருமை எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வண்டி உயரத்தில் அதன் தோளைவிடத் தாழ்வாகத்தான் இருக்கும். எக்ஸாஸ்ட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.

சஸ்பென்ஷனைத் தாழ்த்தாதீர்கள். உடைந்த தார் விளிம்பிலும் வேகத்தடையிலும் அடி தட்டும். கடினமான ஸ்பிரிங் போட்ட வண்டி குண்டும் குழியுமான வளைவில் பிடிமானம் இல்லாமல் துள்ளும். சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களைச் சோதித்து, சக்கர சீரமைப்பு செய்துகொண்டாலே வண்டி புதிதாக ஓடும்.

58,000 கிலோமீட்டர் என்கிறீர்கள். எஸ்-டிரானிக் எண்ணெய் 60,000இல் மாற்ற வேண்டியது, இப்போதே மாற்றிவிடுங்கள். பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் ஹால்டெக்ஸ் இணைப்பின் எண்ணெயைப் பலர் மறந்துவிடுவார்கள். மாற்றும்போது அதன் பம்ப்பின் வடிகட்டியையும் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அது அடைத்துப்போன குவாட்ரோ வண்டிகள் உரிமையாளருக்கே தெரியாமல் முன்சக்கர வண்டியாக ஓடிக்கொண்டிருக்கும். இந்த இன்ஜின் வரிசையில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் அமர்ந்திருக்கும் பிளாஸ்டிக் பகுதி கசிவது பரவலாகத் தெரிந்த குறை. கூலன்ட் அளவு இறங்குகிறதா என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். இறங்கினால், அது சரியாகும்வரை ரீமேப் பேச்சையே எடுக்காதீர்கள்.

ஆக, முதல் பணம் இந்தச் சோதனைகளுக்கும் எண்ணெய்களுக்கும். அடுத்து பிரேக், டயர். இதிலேயே பாதித் தொகைக்கு மேல் போய்விடும். பிறகு இன்டர்கூலர். அடுத்த ஆண்டு, மலையில் வைத்து எண்களைப் பதிவுசெய்து எழுதித் தரும் ஒருவரிடம் ரீமேப். முழு வேகத்தையும் பார்க்க ஆசையாக இருந்தால் கோவை செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரில் அமைந்த பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே எதிரே பஸ் வராது.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. ஸ்டெப்னி இருந்தால் அதையும் பாருங்கள். வண்டியோடு வந்த பழைய டயர்களே இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், மாற்றும்வரை மேட்டுப்பாளையத்துக்கு பஸ்ஸில் போய்வாருங்கள்.